சறுக்குவண்டியில் போன ஞாயிற்றுச் சாப்பாடு

ஆஸ்லோவில் பத்து நாள் இருந்தேன். அங்கே நான் செய்த உருப்படியான காரியம் ஒரு அண்டா ரசம் வைத்ததுதான். கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள். அவர்கள் என்னைக் கோவையிலிருந்து அனுப்பியது ரசம் வைக்க அல்ல. எங்கள் பட்டறையில் செய்த தண்ணீர் பம்புகளில் நான்கு ஒழுகுகின்றன என்று அங்கே ஒரு சிறு நிறுவனம் புகார் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தேன். ஒழுகத்தான் செய்தன. குளிர் தாங்காத ரப்பரில் வாஷர் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மாற்று வாஷர் கோவையிலிருந்து வந்து சேரும் வரை எனக்கு வேலை இல்லை.

அது மார்ச் கடைசி. ஊரே வெயிலைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. காப்பிக் கடைகளுக்கு வெளியே நாற்காலி போட்டு, முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகத்தைச் சூரியனுக்கு நேராக நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டதுபோல இருந்தது. அவர்களில் பாதிப்பேர் ஆண்கள். பக்கத்தில் தள்ளுவண்டி, அதற்குள் கைக்குழந்தை. அம்மா எங்கே என்று சுற்றுமுற்றும் தேடினேன். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், அப்பா பிள்ளை பார்க்க லீவு போட்டிருக்கிறார் என்று பம்பு வாங்கிய நிறுவனத்துக்காரர் சாதாரணமாகச் சொன்னார். என் மகள் பிறந்தபோது நான் லீவு போட்டது பெயர் வைக்கும் நாளில் மட்டும்தான். அதுவும் அரை நாள்.

வியாழக்கிழமை சுரங்க ரயிலில் ஊர் சுற்றக் கிளம்பி, திசை மாறி ஏறிவிட்டேன். நகரத்துக்குள் போக வேண்டிய நான் நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே புருசெத் என்ற நிலையம் வந்தபோதுதான் உறைத்தது. இறங்கி, எதிர்ப் பக்க மேடைக்குப் போகும் வழி தெரியாமல் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, எங்கை போகவேணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மூன்று நாளாக ரொட்டியும் குளிர்ந்த மீனும் தின்று கொண்டிருந்த எனக்கு அந்தத் தமிழே ஒரு வேளைச் சாப்பாடாக இருந்தது. சிவகுமாரன் என்று பெயர் சொன்னார். என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாக இங்கே. தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. நான் கோயம்புத்தூர் என்றதும், "அப்ப நீங்கள் கட்டாயம் வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்" என்றார். கோயம்புத்தூருக்கும் தேநீருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

வீடு நாலாவது மாடி. அவர் மனைவி தவமணி, பதினைந்து வயது மகள் ஆரணி. தேநீரோடு, பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தார்கள். நார்வேக்காரர்களின் உயிர் இதில்தான் இருக்கிறதாம். வாயில் போட்டால் எங்கள் வீட்டுத் திரட்டுப்பால், கொஞ்சம் உப்புப் போட்டது. இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தவமணி முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளர். அதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன இருந்தாலும் நம்ம ஆளுங்க மாதிரி வருமாங்க? இவங்க பெத்தவங்களை ஹோம்ல தள்ளிட்டுப் போயிருவாங்க" என்றேன்.

தவமணி கோபப்படவில்லை. "ஓம், கன சனம் அப்பிடித்தான் சொல்லினம்" என்றார். பிறகு, "உங்கடை அம்மாவை ஆர் பாக்கினம்?" என்று கேட்டார்.

"அம்மாதாங்க எங்களைப் பாக்கறாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. எழுபத்திரண்டு வயதில் ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு டிபன் செய்கிறவள் அவள். அவள் இல்லாவிட்டால் மனைவி. நான் சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கூட வைத்தவனில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தின விழா, கட்டாயம் வந்து கலந்துகொள்ள வேண்டும் என்றார் சிவா. மார்ச்சில் ஏது அன்னையர் தினம் என்று கேட்டேன். அதற்கு ஒரு கதை இருந்தது.

நார்வேயில் அந்த நாள் பிப்ரவரியில் வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன் புருசெத் தமிழ்க் குடும்பங்களின் ஆண்களெல்லாம் கூடி, அன்று ஒரு நாளாவது நாம் சமைத்துப் பெண்களை உட்கார்த்திச் சாப்பாடு போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். முதல் வருஷம் இடுப்பளவு பனி. யாரும் வரவில்லை. உடனே சபை கூடி, இனிப் பனி முடிந்த பிறகு மார்ச் கடைசி ஞாயிறில் வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். நார்வே ராஜாவையோ காலண்டர் அடிப்பவரையோ கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் வெயில் அடித்தது, ஆனால் தவமணிக்கு வேலை. மூன்றாம் வருஷம் தவமணி வந்தார். ஆண்கள் வைத்த சோறு அடியில் கரியாகவும் மேலே கஞ்சியாகவும் இருந்தது. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் முதலில் நுழைந்ததே அவர்தான். அன்று நாற்பது பேருக்குச் சமைத்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசியில் நின்றபடியே சாப்பிட்டாராம்.

"இந்த முறை இவ ஷிப்ட் மாத்தி எடுத்திட்டா" என்றார் சிவா. "இவவோடை வேலை செய்யிற, ஸ்ட்ரோம்மனிலை இருக்கிற ஒரு பிள்ளை இவவுக்குப் பதிலா நிப்பா. இந்த முறையும் இவவை இருத்தி என்ரை கையாலை சாப்பாடு போடாட்டி, நான் இந்த விழாப் பக்கமே போகமாட்டன்."

"பாப்பம்" என்றார் தவமணி. அந்தச் சொல்லில் மூன்று வருஷ அனுபவம் இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் இன்னும் பலமாக அடித்தது. சிவாவின் கார், பனியில் வழுக்காமலிருக்க ஆணி வைத்த குளிர்கால டயர்களோடு நின்றது. தார்ச்சாலையில் அது போடும் கரகர சத்தத்தைக் கேட்டு, "இந்த வெயிலுக்கு இது எதுக்குங்க? மாத்திருவோம், நானே கழட்டித் தரேன்" என்றேன். பம்புக்காரனுக்கு ஸ்பானரைக் கண்டால் கை அரிக்கும். பக்கத்து வாசல் ஆர்னே என்ற எழுபது வயது நார்வேக்காரர் ஜன்னலிலிருந்து பார்த்து ஏதோ சொன்னார். ஈஸ்டர் முடியும் வரை நான் வெயிலை நம்புவதில்லை என்கிறார் என்று ஆரணி மொழிபெயர்த்தாள்.

"இந்தாளுக்கு எப்பவும் பயம்" என்றார் சிவா. இருவரும் சேர்ந்து அரை மணியில் நாலு டயரையும் மாற்றி, ஆணி டயர்களை நிலவறையில் கொண்டுபோய் அடுக்கிப் பூட்டினோம். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியோடு மாலையில் தேநீர் குடித்தோம்.

சனிக்கிழமை என்னையும் சமையல் குழுவில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரன் என்பதால் ரசம் என் தலையில் விழுந்தது. எனக்கு ரசம் குடிக்கத்தான் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, ரசம் எப்படி வெக்கறது?"

"ஏன் சாமி, அங்க உனக்குச் சோறு போடறதில்லையா?" என்றாள். அன்னையர் தினத்தை விளக்கினேன். "எந்த அன்னைக்கு?" என்று கேட்டாள். அளவை மட்டும் சொல்லும்மா என்றேன். நாலு பேருக்கு எலுமிச்சை அளவு புளி என்று தொடங்கி மிளகு, சீரகம் வரை சொன்னாள், எழுதிக்கொண்டேன். அறுபது பேர் வருவார்கள் என்பதால் எல்லாவற்றையும் பதினைந்தால் பெருக்கினேன். பம்புக் கணக்கு அப்படித்தான். ரசக் கணக்கு அப்படி இல்லை என்று அப்போது தெரியாது.

சனி இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்து திரையை விலக்கினால் வெளியே உலகம் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. பனி மேலிருந்து விழவில்லை, குறுக்கே பறந்துகொண்டிருந்தது. நேற்று வரை புல் தெரிந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. சிவாவின் காரை ஒரு மேட்டை வைத்து ஊகித்தேன். நானும் சிவாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் பல் தேய்த்தோம்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. தவமணி எடுத்தார். நாற்காலி முதுகில், அவர் விழாவுக்குக் கட்டுவதற்காகத் தேய்த்து மடித்த மாம்பழ நிறச் சேலை இருந்தது. நார்வே மொழியில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்தார்.

"ஸ்ட்ரோம்மனிலையிருந்து பஸ் ஓடேல்லையாம். அந்தப் பிள்ளை வரேலாது. நான் போட்டு வாறன்."

"வேறை ஆரும் இல்லையோ?" என்றார் சிவா.

"ராத்திரி நிண்டவ பாவம், பத்து மணித்தியாலமா நிக்கிறா. அங்கை இருவது சனம் காலைச் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கும்."

காரில் விட்டுவிட்டு வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆணி டயர்கள் நிலவறையில் பத்திரமாக இருந்தன. அவர் பனிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, முக்கால் மணி நேர நடைக்குக் கிளம்பினார். வாசலில் திரும்பி, "சோத்துக்குத் தண்ணி அளந்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். முணுமுணுப்பு இல்லை, முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. டயரைக் கழற்றச் சொன்ன வாய் என்னுடையது.

பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விழா மண்டபம். வாசலில் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரர், சோமாலியர், பாகிஸ்தானியர், நம்மவர் எல்லோரும் வரிசையாக நின்று வழி வெட்டி, முடிந்ததும் ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்தார்கள். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் கவுன்சிலருக்கு மனு எழுதுவோம். எழுதி இரண்டு வருஷம் ஆன மனு ஒன்று இன்னும் இருக்கிறது.

சமையலறை வாசலில் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, ஆரணி காவல் நின்றாள். எந்தத் தாயும் உள்ளே வரக் கூடாது என்பது இந்த வருஷச் சட்டம். அறுபது பேரில் முப்பது பேர்தான் வந்திருந்தார்கள். பெண்கள் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, கீழே பனிக் காற்சட்டையும் பூட்ஸும் போட்டு, பாதி கல்யாணப் பெண்ணாகவும் பாதி மலையேறியாகவும் வந்தார்கள். ஹொல்ம்லியாவிலிருந்து இரண்டு பேர் ரயிலில் வந்து, மீதி தூரத்தை நடந்தே கடந்திருந்தார்கள். வந்தவர்கள் உட்காரவில்லை. எல்லோரும் நாடாவுக்கு அப்பால் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கறிக்கு உப்புப் போட்டாச்சோ?"

"அன்ரி, இஞ்சாலை வரேலாது. ஃபொர்பூட்" என்றாள் ஆரணி, போலீஸ்காரர்போலக் கையைக் காட்டி. நார்வே மொழியில் தடை என்று அர்த்தமாம்.

உள்ளே தலைமைச் சமையல்காரர் மட்டக்களப்பு மகேந்திரன். சொதிக்குத் தேங்காய்ப் பாலை எப்போது விடுவது என்பதில் அவருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பெரிய வழக்கு. "மறுகா விடுவம், மறுகா விடுவம்" என்று அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், பருப்பு, சொதி, என் ரசம். சோறு இந்த முறை ஒட்டவில்லை, கரியவில்லை. தண்ணீரை சிவா கண்ணாடிக் குவளையால் அளந்து, எண்ணி எண்ணி ஊற்றியிருந்தார். அவர் மனைவி காலையில் வாசலில் சொல்லிவிட்டுப் போனது அது.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். அம்மாக்களை வரிசையாக உட்கார வைத்தோம். முதல் ஐந்து நிமிஷம் அவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மகேந்திரன் கரண்டியோடு வந்ததும் ஒரு அம்மா எழுந்து, "தாங்கோ, நான் போடுறன்" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரைச் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சிவா பரிமாற வரவில்லை. சமையலறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சோறு வடிவா வந்திட்டுது. அவ பாக்கேல்லை" என்றார். இருபது வருஷம் பனியில் வாழ்ந்த மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைக் குற்றம் சொன்னார். அன்று வெங்காயம் உரித்தவன் நான்.

அப்போது பனி தள்ளிய கையோடு காப்பிக்காக ஆர்னே உள்ளே வந்தார். ஆரணி அவரிடம் நடந்ததைச் சொன்னாள். டயரைப் பற்றியும் சொல்லியிருப்பாள், அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்னதை ஆரணி மொழிபெயர்த்தாள்: "நான் ஒரு மணிக்கு அந்த முதியோர் இல்லத்துக்குத்தான் போகிறேன். என் அம்மா அங்கே இருக்கிறாள். சாப்பாட்டைக் கட்டுங்கள்."

கால் மணியில் அவர் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து நின்றார். இடுப்பில் பட்டை, அதிலிருந்து இரண்டு நீளக் கம்பு, கம்பின் முனையில் படகுபோல ஒரு சின்ன சறுக்குவண்டி. கைக்குழந்தைகளை உட்கார வைத்துப் பனியில் இழுத்துப் போகும் வண்டி அது. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வண்டி சும்மா கிடக்கிறது என்றார். குழந்தை உட்காரும் இடத்தில் கறிச் சட்டியை வைத்தோம். சோறு, சொதி, ரச வாளி எல்லாம் சுற்றி அடுக்கி, மேலே ஒரு மெத்தைப் போர்வையைப் போட்டு, குழந்தைக்கான வாரைக் கறிச் சட்டிக்கு மாட்டிவிட்டோம்.

ஆர்னே முன்னால் வழுக்கிக்கொண்டு போக, நானும் சிவாவும் பின்னால் தொடைவரை புதைந்து புதைந்து போனோம். நான் நான்கு முறை விழுந்தேன். ஐந்தாவது முறை விழுந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டோரச் சரிவில் வண்டி சாய்ந்து, சிவா பாய்ந்து சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கறி தப்பியது. சொதி போய்விட்டது. வெள்ளைப் பனியில் பெரிய மஞ்சள் வட்டம். ஆர்னே அதைப் பார்த்து, நாளைக்கு இந்த வழியாக வரும் நாய்களுக்குப் பெரிய சந்தேகம் வரும் என்றார். சிவா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

இல்லத்துக்குள் போனதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. துடைத்துப் போட்டபோது, சாப்பாட்டு அறையில் வெள்ளைச் சீருடையில் தவமணி ஒரு கிழவருக்கு உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கரண்டி அப்படியே நின்றது.

"இதென்ன கோலம்?"

"சாப்பாடு" என்றார் சிவா. மீசையில் பனி ஒட்டியிருந்தது. "நீர் இரும்."

"நான் வேலையிலை நிக்கிறன். விசரே உங்களுக்கு?"

கட்டை முடி வெட்டிய மேற்பார்வையாளர் வந்தார். சிவா நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதை சிவா எனக்குத் தமிழில் சொன்னார்: "இவர் காலையிலிருந்து இடைவேளை எடுக்கவில்லை. அரை மணி இவருடைய உரிமை. எடுக்காவிட்டால் நான்தான் விளக்கம் எழுத வேண்டும். தயவு செய்து உட்காரச் சொல்லுங்கள்." பிறகு தவமணியின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அவரே கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட உட்காருவதற்குக்கூடச் சட்டம் போட்டு வைத்திருக்கும் இந்த நாட்டை அந்த நிமிஷம் நான் கும்பிட்டேன்.

தவமணி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிவா தட்டு வைத்து, சோறு போட்டு, கறி ஊற்றினார். விரல்கள் குளிரில் விறைத்திருந்ததில் மேசையெல்லாம் கறி. தவமணி சட்டென்று துணி எடுக்க எழுந்தார்.

"இரும்" என்றார் சிவா. "உக்காருங்க" என்றேன் நான். ஆர்னேயும் மேற்பார்வையாளரும் அவர்கள் மொழியில் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். தவமணி உட்கார்ந்தார்.

ஜன்னலோரத்தில் ஆர்னே தன் அம்மாவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். தொண்ணூற்றைந்து வயது. தலையை வாரிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாராம், புதன்கிழமையும் உண்டு. ஒரு கோப்பை ரசத்தைக் கேட்டு வாங்கிக் கரண்டியால் அவளுக்குக் கொடுத்தார். அவள் மிளகுக்கு மூன்று தும்மல் போட்டுவிட்டு, கோப்பையை மறுபடி நீட்டினாள். வியாழக்கிழமை ஹோமைப் பற்றி நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப வாங்க வழி இருந்தால் வாங்கியிருப்பேன்.

தவமணி சாப்பிட்டார். சிவா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். "சோறு எப்பிடி?" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"சோறு நல்லா வந்திருக்கு" என்றார் தவமணி. பிறகு, "ரசம் ஆர் வைச்சது?"

"நானுங்க."

"புளி கூடிப்போச்சு" என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார். ஊற்றினேன். அதைக் குடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மா இருத்திப் போட்டுத் தந்தவ. அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒராள் பக்கத்திலை நிண்டு போட நான் சாப்பிடுறன்."

பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டவர். சிவா இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார். காணும், போதும் என்று தவமணி கையால் தடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தேன்.

வாஷர்கள் வந்தன. மாட்டினேன், ஒழுக்கு நின்றது. ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குள் போய், அம்மாவை வெளியே போகச் சொன்னேன்.

"ஒடம்புக்கு என்னாச்சு சாமி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை, இன்றைக்கு ரசம் நான் என்றேன். நாலு பேர்தான், பெருக்க வேண்டியதில்லை. அவள் வாசற்படியில் நின்று, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு பார்த்தாள். நாடா கட்டாமல் போனது தப்பு. எப்படியோ உட்கார வைத்து, சோறு போட்டு, ரசம் ஊற்றினேன். பக்கத்திலேயே நின்றேன். அவளுக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை உப்பு, புளி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கை கழுவிவிட்டு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் நீதான் வெக்கறயா?"